ஒரே தூரம், இரண்டு சாலை

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் போன் திணறும் என்பது ஊரறிந்த விஷயம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏறியதும், கும்பிட்ட கைகளெல்லாம் அடுத்த நொடியே போனைத் தூக்குகின்றன. ஒரு டவரால் ஒரே நேரத்தில் இத்தனை பேரிடம்தான் பேச முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. நடமாடும் டவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்த அரைமணி நேரத்துக்கு அது காணாது. இதில் புதிர் ஏதும் இல்லை.

புதிர் வேறொரு நாளில் வருகிறது. கூட்டமெல்லாம் வடிந்த ஒரு சாதாரண மத்தியானம். தேரடி வீதியில் ஒரு கடை, கடையில் பிராட்பேண்ட் இணைப்பு. வாட்ஸ்அப் வருகிறது, யூடியூப் ஓடுகிறது. ரயில் டிக்கெட் எடுக்கும் தளம் மட்டும் திறக்க மறுத்துச் சக்கரம் சுற்றுகிறது. கடைக்காரர் தளம்தான் படுத்துவிட்டது என்று நினைக்கிறார். ஆனால் அதே வைஃபையில், மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மகளின் லேப்டாப்பில் அதே தளம் பளிச்சென்று திறக்கிறது. கடைக்காரர் பிரவுசரை மூடிவிட்டு மறுபடி திறக்கிறார். இப்போது அவருக்கும் வருகிறது!

தளம் அதேதான், வயர் அதேதான், இடையில் யாரும் எதையும் பழுது பார்க்கவில்லை. பின் எப்படிச் சரியானது? இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று அதிகம் பேசப்படாதது. ஆனால் இணையம் எப்படி ஓடுகிறது என்பதை மற்றவற்றைவிட நன்றாகக் காட்டுவது. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

திருவண்ணாமலையில் ஒரு தளத்தைத் தட்டினால், அந்தக் கோரிக்கை பெரும்பாலும் சென்னைப் பக்கம்தான் ஓடும். சிங்கப்பூர் செல்லும் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது சென்னையில். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தமான் கேபிள் கிளம்புவதும் சென்னையில்தான். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய தரவு மையங்கள் இருக்கின்றன. இவ்வளவு முக்கியமான வழிக்கு ஒற்றைக் கேபிளை நம்பி எந்த நிறுவனமும் இருக்காது. சாலையோரம் குழி தோண்டும் ஒரு ஜேசிபி போதும், ஒரு மாவட்டத்தையே ஊமையாக்கிவிடலாம். ஆகவே இரண்டு, மூன்று, நான்கு என்று வழிகள் போட்டு வைப்பார்கள். ஒன்றை ஓடவிட்டு மற்றவற்றை ஆபத்துக்காகச் சும்மா வைத்திருப்பது காசைக் கரியாக்குவது. எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் இங்கிருந்துதான் ஆரம்பம்.

நாம் பார்க்கும் வீடியோவோ பக்கமோ ஒரே துண்டாக வருவதில்லை. சுமார் 1,500 பைட் அளவுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதப்பட்டு வருகிறது. இந்தத் துண்டுதான் பொதி. ஒரு ஜிகாபைட் படம் என்றால் கிட்டத்தட்ட ஏழு லட்சம் பொதிகள். வழியில் ஒவ்வொரு சந்திப்பிலும் ரவுட்டர் என்னும் திசைவி, பொதியின் முகவரியைப் பார்த்து அடுத்து எந்தப் பக்கம் என்று முடிவுசெய்து தள்ளிவிடுகிறது.

எந்தப் பக்கம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வோர் இணைப்புக்கும் பொறியாளர்கள் ஒரு செலவு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இந்தச் செலவு ரூபாயும் அல்ல, கிலோமீட்டரும் அல்ல. பெரும்பாலும் இணைப்பின் கொள்ளளவை ஒட்டி வைக்கப்படும் ஒரு மதிப்பெண். அகலமான இணைப்புக்குக் குறைந்த செலவு. ரவுட்டர்கள் இந்த எண்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு, மொத்தச் செலவு குறைந்த வழியைக் கணக்கிடுகின்றன. கணக்கிடும் முறை டச்சுக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டது. அதை வைத்து ஓடும் ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறை 1989இல் முதலில் எழுதப்பட்டது. கணக்கு முடிந்ததும் இரண்டு வழிகள் சரிசமமாக வந்து நின்றால்? இரண்டையும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஓ.எஸ்.பி.எஃப். இதற்குச் சமச்செலவுப் பல்வழி என்று பெயர் வைப்போம். வலையமைப்பில் வேலை செய்பவர்கள் இ.சி.எம்.பி. என்பார்கள். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையே பொதிகளை எப்படிப் பங்கிடுவது என்று நெறிமுறை சொல்லவில்லை. அது ரவுட்டர் செய்பவர் பாடு.

இதை நம் சாலையில் வைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஜி.எஸ்.டி. சாலையிலேயே போய்த் திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சி வழியாக வரலாம். செங்கல்பட்டில் பிரிந்து உத்திரமேரூர், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகவும் வரலாம். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் வசதிக்கு இரண்டும் சரிசமம் என்றே வைத்துக்கொள்வோம். தீபத்துக்கு முந்தைய நாள். செங்கல்பட்டுப் பிரிவில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் நிற்கிறார். வரும் வேன்களை இரண்டு சாலைகளுக்கும் பிரித்துவிட வேண்டியது அவர் வேலை.

யாருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு வேனை இந்தப் பக்கம், அடுத்த வேனை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி விடுவது. எண்ணிக்கையில் இதைவிடச் சமமான பங்கீடு கிடையாது. ஆனால் வேன்கள் தனித்தனியாக வரவில்லை. ஒரு குழுவின் நாற்பது வேன்கள், ஒன்று முதல் நாற்பது வரை எண் ஒட்டிக்கொண்டு வருகின்றன. திருவண்ணாமலை மண்டபத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் உட்கார்ந்து வரிசையாகக் குறித்துக்கொள்கிறார். ஐந்தாம் வேன் வந்துவிட்டது. ஆறாவது செஞ்சிப் பக்கம் எங்கோ நின்றுவிட்டது. அதற்குள் வந்தவாசி வழியாக ஏழு, ஒன்பது, பதினொன்று வந்து நிற்கின்றன. ஒவ்வொன்று வரும்போதும் நோட்டுக்காரர் சென்னைக்குப் போன் போட்டு, “ஐந்து வரைக்கும்தான் கணக்கு, ஆறு வரலை” என்கிறார். மூன்றாவது முறை இதையே கேட்டதும் சென்னையில் இருப்பவர் ஒரு முடிவுக்கு வருகிறார்: ஆறாம் வேன் தொலைந்தது. உடனே இன்னொரு ஆறாம் வேனை அனுப்புகிறார். அதோடு, சாலையில் நெரிசல்போல என்று நினைத்து, வேன் அனுப்பும் வேகத்தையும் பாதியாகக் குறைக்கிறார். உண்மையில் சாலை காலியாகத்தான் இருக்கிறது.

டி.சி.பி. என்னும் நெறிமுறை அச்சாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. ‘இதுவரை வந்தது’ என்று மறுமுனை சொல்லும் ஒரே ஒப்புகை கூடுதலாக மூன்று முறை வந்தால் பொதி தொலைந்ததாகக் கொள், மறுபடி அனுப்பு, வேகத்தைக் குறை. 1980களின் கடைசியில் இணையம் நெரிசலில் நொடித்துப்போனபோது வான் ஜேக்கப்சன் முதலியோர் வகுத்த ஒழுங்கு இது, இன்றுவரை இணையத்தைக் காப்பாற்றி வருவதும் இதன் வழிவந்த முறைகளே. ஆகவே பொதிகளை மாற்றி மாற்றி விடும் ரவுட்டர், சமமாகப் பங்கிட்ட பெருமையோடு எல்லோருடைய வேகத்தையும் கெடுத்துவிடும். பொதிகள் வரிசை மாறுவது வெறும் ஏட்டுப் பயம் அல்ல. ஜான் பென்னட், கிரெய்க் பார்ட்ரிட்ஜ், நிக்கலஸ் ஷெக்ட்மன் ஆகியோர் அமெரிக்காவின் ஒரு பெரிய இணையச் சந்திப்பில் அளந்து 1999இல் வெளியிட்ட ஆய்வு, பக்கம் பக்கமாக ஓடும் வழிகளும் கருவிகளும் இருக்கும் இடத்தில் வரிசை குலைவது அன்றாட நிகழ்ச்சி என்று காட்டியது.

சரி, ஒரு குழுவின் வேன்கள் எல்லாம் ஒரே சாலையில்தான் போக வேண்டும். போலீஸ்காரர் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, இந்தக் குழு இந்தச் சாலை என்று எழுதி வைக்கலாமே? முடியாது. 100 ஜிகாபிட் இணைப்பு ஒன்றில் நொடிக்குச் சுமார் 80 லட்சம் முழு அளவுப் பொதிகள் போகும். நோட்டைப் புரட்ட நேரம் ஏது? அவருக்கு ஞாபகமே தேவைப்படாத ஒரு தந்திரம் வேண்டும்.

அந்தத் தந்திரம் இதுதான். வேனின் முகப்புப் பலகையில் ஐந்து விவரங்கள் இருக்கின்றன. அனுப்பும் கணினியின் முகவரி, பெறும் கணினியின் முகவரி, எந்த நெறிமுறை, அனுப்பும் பக்கத்துப் போர்ட் எண், பெறும் பக்கத்துப் போர்ட் எண். ஒரே இணைப்பைச் சேர்ந்த பொதிகள் எல்லாவற்றிலும் இந்த ஐந்தும் மாறாமல் இருக்கும். இப்படி ஐந்தும் ஒத்துப்போகும் பொதிகளின் கூட்டத்தை ஓட்டம் என்போம். போலீஸ்காரர் இந்த ஐந்தையும் ஒரு கலக்கல் கணக்கில் போட்டு ஒரு சிறிய எண்ணை எடுக்கிறார். இதற்கு ஹாஷ் என்று பெயர். கலவையெண் என்றும் சொல்லலாம். கலவையெண் ஒற்றைப்படை என்றால் உத்திரமேரூர், இரட்டைப்படை என்றால் திண்டிவனம். அதே பலகைக்கு எப்போது கணக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும். ஆகவே ஒரு குழுவின் நாற்பது வேன்களும், யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாமலேயே, ஒரே சாலையில் வரிசை குலையாமல் போகும். வேறு குழுவின் பலகை ஓர் எழுத்து மாறினாலும் விடை முற்றிலும் மாறலாம். இந்த முறைகளின் நிறைகுறைகளை டேவ் தேலரும் கிறிஸ்டியன் ஹாப்ஸும் 2000ஆம் ஆண்டில் இணையப் பொறியியல் ஆவணமாக எழுதி வைத்தார்கள்.

கவனியுங்கள், போலீஸ்காரர் சாலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் நெரிசல், எந்தப் பக்கம் காலி என்பது அவருக்குத் தெரியாது. தீபத்துக்கு மாவட்ட நிர்வாகம் செய்யும் ஏற்பாடு இப்படியா இருக்கிறது? வேலூர்ச் சாலை, செங்கம் சாலை, திண்டிவனம் சாலை என்று ஊர் எல்லையில் திசைக்கு ஒரு தற்காலிகப் பேருந்து நிலையம் போடுகிறார்கள். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு பேர் வருவார்கள் என்ற பழைய அனுபவத்தை வைத்து அதன் அளவைத் தீர்மானிக்கிறார்கள். ரவுட்டருக்கு அந்த அனுபவமும் இல்லை, அவகாசமும் இல்லை. அது செய்வது பங்கீடு அல்ல. ஒழுங்கான குலுக்கல் சீட்டு.

குலுக்கல் என்பதால் கூட்டம் பெரிதாக இருந்தால் பலன் நன்றாகவே இருக்கும். பத்தாயிரம் பேர் தீபத்தை யூடியூபில் நேரலையாகப் பார்க்கிறார்கள் என்றால் பத்தாயிரம் தனித்தனி ஓட்டங்கள். இரண்டு சாலைகளுக்கும் அவை பிரியும்போது, ஒவ்வொரு பக்கமும் அநேகமாக 4,900க்கும் 5,100க்கும் இடையில்தான் விழும். இதற்கு மேல் என்ன சமம் வேண்டும்? ஆனால் நான்கே நான்கு ஓட்டங்கள், நான்கும் பெரியவை என்றால் கதை வேறு. நான்கு ஓட்டங்கள் இரண்டு சாலைகளில் விழ 16 விதங்கள் உண்டு. அவற்றில் இரண்டுக்கு இரண்டு என்று அழகாகப் பிரிவது 6 மட்டுமே. மூன்றுக்கு ஒன்று என்று கோணுவது 8. மீதி 2 விதங்களில் நான்கும் ஒரே சாலையில் போய் மோதும். பக்கத்துச் சாலையில் ஈ ஓட்டலாம். இத்துறைக்காரர்கள் இத்தகைய பெரியவற்றை யானை ஓட்டம் என்றும், ஒரு நொடியில் முடிந்துபோகும் சின்னதுகளை எலி ஓட்டம் என்றும் அழைக்கிறார்கள். இ.சி.எம்.பி. எலிகளுக்கு உகந்தது, யானைகளுக்கு ஆகாதது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 10 ஜிகாபிட் கேபிள் நான்கு போட்டால் மொத்தம் 40 கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு ஓட்டம் எவ்வளவு முக்கினாலும் 10ஐத் தாண்டாது, ஏனென்றால் அது ஒரு சாலையைவிட்டு இறங்காது.

இதைவிட வேடிக்கையான ஒரு கோளாறு உண்டு. வந்தவாசியிலும் ஒரு பிரிவு, அங்கேயும் ஒரு போலீஸ்காரர், அவரிடமும் அதே கணக்கு என்று வையுங்கள். செங்கல்பட்டுக்காரர் ஒற்றைப்படைகளை மட்டும்தான் இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார். வந்தவாசிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தால் வருவதெல்லாம் ஒற்றைப்படை. எல்லாவற்றையும் ஒரே சாலையில் விடுகிறார். இன்னொரு சாலையில் காலை முதல் மாலை வரை ஒரு வேனும் போகவில்லை. இரண்டு பேரும் விதிப்படிதான் நடந்தார்கள். ஒரே நிறுவனத்தின் ரவுட்டர்களை அடுத்தடுத்து வைத்த பல வலையமைப்புகள் இதில் மாட்டியிருக்கின்றன. மருந்து எளிது: ஒவ்வொரு ரவுட்டரும் கணக்கில் தனக்கென்று ஓர் எண்ணைச் சேர்த்துக் கலக்க வேண்டும்.

வழி ஒன்று அறுந்துபோனால்? நான்கு வழிகளுக்கு நான்கால் வகுத்து மீதியைப் பார்க்கும் எளிய கணக்கு இருந்தால், ஒரு வழி போனதும் மூன்றால் வகுக்க வேண்டியிருக்கும். அப்போது இடமாற்றம் அறுந்த வழியில் போன கால்பங்கோடு நிற்காது. மொத்த ஓட்டங்களில் முக்கால்பங்கு சாலை மாறிவிடும். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தவையும் வரிசை குலையும். இதைத் தவிர்க்க, இருப்பவை இருந்த இடத்திலேயே இருக்கும்படி கணக்கை அமைக்கும் வழிகள் வந்துவிட்டன.

அறுந்தது தெரிந்தால் அவ்வளவுதான் பாடு. தெரியாவிட்டால்தான் ஆபத்து. ரவுட்டரின் ஒரு கார்டில் நினைவகம் பழுதாகிறது. ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று பக்கத்து ரவுட்டருக்குச் சொல்லும் சின்னச் செய்திகள் மட்டும் ஒழுங்காகப் போகின்றன. மற்ற பொதிகளை அது விழுங்கிவிடுகிறது. சாலையில் பாலம் உடைந்திருக்கிறது, போலீஸ்காரருக்குத் தகவல் இல்லை. ஒற்றைப்படைக்காரர்களை அதே சாலையில் விட்டுக்கொண்டே இருக்கிறார்.

தேரடி வீதிக் கடைக்காரருக்கு நடந்தது இப்போது புரியும். அவருடைய இணைப்பின் கலவையெண் உடைந்த சாலைக்கு விழுந்தது. அவரது வாட்ஸ்அப்பும் யூடியூபும், அவர் மகளின் இணைப்பும் நல்ல சாலைக்கு விழுந்தன. பிரவுசரை மூடித் திறந்தபோது புதிய இணைப்பு பிறந்தது, அதற்குக் கணினி வேறொரு போர்ட் எண்ணைக் கொடுத்தது, பலகையில் ஒரு விவரம் மாறியது, சாலை மாறியது. பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானைத் தட்டுவது சில சமயம் பலிப்பதும் சில சமயம் பலிக்காததும் இதனால்தான். பிரவுசர் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருந்தால் பலிக்காது, புதிதாக ஒன்று திறந்தால் பலிக்கலாம். (பணம் அனுப்பும்போது மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம். கணக்கில் கழிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி தட்ட வேண்டும்.)

இதெல்லாம் நடக்கிறது என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாருடைய ரவுட்டரையும் யாரும் திறந்து காட்டமாட்டார்கள். துப்புத் துலக்க உதவியது, 1980களின் கடைசியில் அதே வான் ஜேக்கப்சன் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதிய டிரேஸ்ரூட் என்ற சின்ன நிரல். ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. ரவுட்டர் ஒவ்வொன்றும் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொதியைக் கொன்றுவிட்டு, ‘உன் பொதி இங்கே செத்தது’ என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழி தெரியாமல் பொதிகள் முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஜேக்கப்சனின் நிரல் இதையே ஒற்றனாக்கியது. ஆயுள் ஒன்று வைத்து ஒரு பொதி, இரண்டு வைத்து இன்னொன்று, மூன்று வைத்து மற்றொன்று என்று அனுப்பினால், வழியில் உள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகத் தம் பெயரைச் சொல்லிவிடும்.

ஆனால் எந்தப் பதில் எந்தப் பொதிக்கு என்று அடையாளம் காண, அந்த நிரல் பொதிக்குப் பொதி போர்ட் எண்ணை மாற்றியது. பொதிகள் ஒரே வழியில் போன காலத்தில் அதனால் பாதகமில்லை. பல்வழி வந்தபின் ஒவ்வோர் ஒற்றனும் வெவ்வேறு சாலையில் போக ஆரம்பித்தான். முதல் ஒற்றன் உத்திரமேரூரில் இறந்தான், இரண்டாமவன் செஞ்சியில் இறந்தான். இரண்டையும் கோடு போட்டு இணைத்தால் உத்திரமேரூரிலிருந்து செஞ்சிக்கு நேர்ச்சாலை இருப்பதுபோல ஒரு வரைபடம் கிடைக்கும். பொதி போன இடத்துக்கே திரும்பி வந்து சுற்றுவதுபோலவும் சில சமயம் தெரியும். இணைய வரைபடங்களில் இப்படிப்பட்ட பேய்ச் சாலைகளைப் பார்த்து ஆய்வாளர்கள் வெகுகாலம் குழம்பினார்கள்.

2006இல் பாரிஸ் நகரில் ஆய்வு செய்துவந்த பிரிஸ் ஒகுஸ்தன், திமூர் ஃபிரீட்மன், ரெனாத்தா தெய்ஷேரா முதலியோர் ஒரு திருத்தம் செய்தார்கள். கலவையெண் கணக்கில் சேரும் விவரங்கள் எதையும் தொடாமல், வேறொரு மூலையில் அடையாளத்தை ஒளித்து வைத்தார்கள். இனி எல்லா ஒற்றர்களும் ஒரே சாலையில் போவார்கள். பாரிஸ் டிரேஸ்ரூட் என்று இதற்குப் பெயர். பேய்ச் சாலைகளில் பெரும்பகுதி மறைந்தது. அதன்பின் வேண்டுமென்றே ஒரு விவரத்தை மட்டும் மாற்றி, எந்த மாற்றத்துக்கு வழி மாறுகிறது என்று பார்த்தார்கள். 2007இல் வெளியான அளவீட்டில், சோதித்த கணினி இணைகளில் 39 சதவீதத்துக்கு இடையே ஓட்ட வாரியாகப் பிரிக்கும் ரவுட்டர் இருந்தது. பொதிக்குப் பொதி மாற்றி மாற்றி விடும் ரவுட்டர் இருந்தது 1.9 சதவீதத்தில் மட்டும். சமத்துவமா, வரிசையா என்ற கேள்விக்கு உலகெங்கும் பொறியாளர்கள் என்ன விடை வைத்திருக்கிறார்கள் என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. என் கணக்கில் அது சரியான விடைதான்.

இருந்தாலும் யானைகளின் தொல்லை தீரவில்லை. எம்.ஐ.டி.யின் ஸ்ரீகாந்த் கண்டுலா, தீனா கட்டாபி முதலியோர் 2007இல் ஒரு நடுவழி சொன்னார்கள். ஓர் ஓட்டத்தின் பொதிகள் இடைவெளியே இல்லாமல் வருவதில்லை. கொத்துக் கொத்தாக வருகின்றன. குழுவின் முதல் இருபது வேன்கள் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டன, மீதி இருபது தாம்பரத்தில் டீ குடிக்க நின்றுவிட்டன என்று வையுங்கள். அந்த இடைவெளி இரண்டு சாலைகளின் நேர வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால், பின்னால் வரும் இருபதைக் காலியான சாலையில் விடலாம். முன்னால் போனவர்களை அவர்கள் முந்த வாய்ப்பே இல்லை. நோட்டுக்காரருக்குச் சந்தேகமே வராது. தரவு மையச் சுவிட்சுகளுக்கு இந்த எண்ணம் 2014இல் சிஸ்கோவின் காங்கா என்ற வடிவில் வந்து சேர்ந்தது.

தரவு மையங்களில்தான் இன்று இந்தத் தலைவலி உச்சத்தில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் கணினிகள் தங்களுக்குள் பேசும்போது எலிகளே கிடையாது. எண்ணிச் சொல்லக்கூடிய சில யானைகள், எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புபவை. மெட்டா நிறுவனப் பொறியாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், அங்கே சாதாரண இ.சி.எம்.பி. சரியாக வேலை செய்யவில்லை என்று எழுதி, ஒரே உரையாடலைப் பல ஓட்டங்களாகப் பிரித்துச் சமாளித்ததை விவரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வருவோம். ஒரு தளம் வந்து இன்னொரு தளம் வராத நாளில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், “பிங் நல்லாப் போகுது சார், எங்க சைடுல பிரச்சினை இல்ல” என்று பதில் வரலாம். பொய் சொல்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். பிங் என்னும் சோதனைப் பொதிக்குப் போர்ட் எண் கிடையாது; ஒரே இலக்குக்கு அது பெரும்பாலும் ஒரே சாலையில்தான் போய்வரும், அந்தச் சாலை நல்லதாக இருந்துவிட்டால் கோளாறு கண்ணில் படாது. அப்படிப்பட்ட நாளில் ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தளம் வருகிறது, எந்தத் தளம் வரவில்லை, மூடித் திறந்தால் வருகிறதா, பக்கத்துக் கணினியில் எப்படி என்று நான்கு விவரங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். பல வழிகளில் ஒன்று மட்டும் செத்துக் கிடக்கிறதா என்று தேட, மறுமுனையில் இருக்கும் பொறியாளருக்கு அந்த நான்கும் போதும்.